ரீசெட் அக்காவுக்கு அடங்காத பெட்டி

பார்சல் ஆபீஸில் அவளுக்கு ரீசெட் அக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மேனேஜரே ஒரு நிமிடம் முழிப்பார். புக்கிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து பெட்டிக்கு எடை போட்டு ரசீது கொடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழட்டு மாடுகள், நினைத்தபோது படுத்துக்கொள்ளும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், ஆள் வருவதற்குள் பார்சலில் வந்த பழம் அழுகி ஆபீஸே நாறும். வேறு வழியில்லாமல் அவளே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய வைத்தியம் ரொம்ப எளிமையானது. முதலில் அணைத்துப் போடுவாள். அதற்குக் கேட்காவிட்டால் ரிப்பேர் கொடுப்பாள். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே இருப்பதை மொத்தமாக வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்குப் பிடித்தது அந்தக் கடைசி வைத்தியம்தான். பழைய குப்பை எல்லாம் போய், ஒரு கறை இல்லாமல் நீலத் திரை வந்து நிற்பதைப் பார்க்கிறபோது தலைக்குக் குளித்து வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. மற்ற பெண்கள் கைப்பையில் ஊக்கு வைத்திருப்பதைப் போல, கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுகிற பென்டிரைவ் ஒன்றை அவள் எப்போதும் வைத்திருப்பாள்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் வாழ்க்கையையே அப்படித்தான் நடத்தினாள். முதல் கல்யாணத்திலிருந்து ஒற்றைப் பையோடு வெளியே வந்தவள் அவள். அழுது புரள்வாள், நாமும் போய் ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்த சொந்தக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். போட்டோ ஒன்றுகூட எடுத்து வரவில்லை. "அது முடிஞ்சு போச்சு சித்தி, வேற பேசுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலை தேடிக் கிளம்பிவிட்டாள். சண்டை போட்டாலும் அப்படித்தான். காலையில் வாய் கிழியக் கத்துவாள், சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். காலையில் நடந்ததை நினைவுபடுத்தினால், "எந்தச் சண்டை?" என்று உண்மையாகவே கேட்பாள்.

இரண்டாவதாக வாய்த்தவர் முடிவெட்டுகிறவர். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன சலூன். ஊர் அவருக்கு வைத்த பெயர் எஃப்.எம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வாயைத் திறந்தால் இரவு இறக்கும்வரை மூடமாட்டார். தலையைக் கொடுத்தவர்கள் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டபடியே தூங்கிப்போவார்கள்; மீதிப் பேர் அதற்காகவே வருவார்கள். அவருக்கு வந்த கத்திரிக்கோல் பார்சலை அடையாள அட்டை இல்லாமல் தரமாட்டேன் என்று இவள் ஒருமுறை கவுன்ட்டரில் கறாராகச் சொல்லிவிட்டாள். "மேடம்... மேடம்... மேடம்..." என்று கெஞ்சலும் கொஞ்சலும் கோபமுமாக அவர் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். பார்சல் கிடைக்கவில்லை, பெண் கிடைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு அவள் மேடம்தான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

குரல் கரகரத்தபோது, "அதிகம் பேசுறீங்க, அதான்" என்று இவளே கேலி செய்திருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தால் ஆள் பிழைப்பார், குரல் பிழைக்காது. எஃப்.எம். வாயடைத்துப் போனதை அன்றுதான் அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் வாக்கியங்களைத் தெளிவாகப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டால் போதும். பிறகு அதிலிருந்து அவருடைய குரலையே ஒரு புரோகிராம் செய்துவிடும்; அவர் எழுத எழுத, அது அவர் குரலில் பேசும். "ஆனா ஒண்ணு. ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் நினைச்சாலும் பதிவு பண்ண முடியாது. பார்த்துக்கோங்க" என்றாள் டீச்சர்.

வீட்டின் சின்ன அறையில் தெருச்சத்தம் வராமல் ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது. அதனால் பதிவுகள் போய்ச் சேருகிற ஃபோல்டருக்குத் திரையின் நடுவில் ஷார்ட்கட் என்கிற ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுத்தாள் அவள். "இதைத் தட்டினா போதும், எல்லாம் இதுக்குள்ள இருக்கும்" என்றாள். அவர் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, "தண்ணீர் வேண்டும்", "இடது பக்கம் வலிக்கிறது", "மாத்திரை போட்டுவிட்டேன்" என்று படித்தார். அடுப்படியில் இருந்த அவளுக்குச் சன்னமாகக் கேட்கும். நடுநடுவே தனியாகச் சிரிக்கிற சத்தமும் வரும். வாக்கியத்தைப் படிக்கிற மனுஷன் எதற்குச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் வெளியே வந்து சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டாச்சு மேடம். என் தொண்டை இப்போ என் பையில இருக்கு."

அந்தப் பென்டிரைவை அவளே வாங்கித் துணி அலமாரியில் பத்திரமாக வைத்தாள். திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளையோடும், அதன்மேல் ஒரு மெல்லிய துணியோடும் வீட்டுக்கு வந்தார். கையில் எழுதி அழிக்கிற பலகை ஒன்று. எழுதுவார், காட்டுவார், ஓரத்தில் இருக்கும் பொத்தானை அமுக்குவார், எல்லாம் மறைந்துவிடும். எஃப்.எம். வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் போன் செய்து, செவ்வாய்க்கிழமை பதிவுகளைக் கொண்டுவரச் சொன்னாள். கூடவே வீட்டுக் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் இருந்தால்தான் அந்தப் புரோகிராம் ஓடும் என்றும் சொன்னாள். அது இவளுக்குச் சர்க்கரை சாப்பிடச் சொன்ன மாதிரி. வீட்டுப் பெட்டி வேறு கொஞ்ச நாளாகவே நோஞ்சானாகிக் கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டால் திறக்கவே இல்லை. நீலத் திரை வந்தது, தன்னைத்தானே பழுதுபார்ப்பதாகச் சொன்னது, புள்ளிகள் சுற்றின, கடைசியில் பழுதுபார்க்க முடியவில்லை என்று கையை விரித்தது.

"சரி, உனக்கு அந்த வைத்தியம்தான்" என்றாள் பெட்டியிடம்.

எல்லாவற்றையும் நீக்கு என்பதை அமுக்கினாள். யோசிக்கவே இல்லை. பதிவுகள்தான் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றனவே. பெட்டி கொஞ்ச தூரம் போயிற்று, நின்றது. ஏதோ பிரச்சினை, எந்த மாற்றமும் செய்யவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே பதில். ஆபீஸில் எத்தனையோ முரட்டுப் பெட்டிகளை வழிக்குக் கொண்டு வந்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பையிலிருந்த பென்டிரைவைச் செருகி, உள்ளே டிஸ்க்கில் இருந்த பகுதிகளை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னாள். இந்த முறை பெட்டி சரி என்றது. எல்லாம் காலி என்று காட்டியது. "அப்படி வா வழிக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது ஏற்ற முடியவில்லை என்று ஒரு செய்தி நின்றது. அணைத்துப் போட்டாள். காலி செய்த அத்தனை பகுதிகளும் பழையபடி அங்கேயே இருந்தன.

இத்தனை வருஷத்தில் அழித்தது எதுவும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. தரையைத் துடைத்துப் பிழிந்து போட்டுவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் அதே கறை. இன்னொரு முறை அழித்தாள். சரி என்றது. அணைத்துப் போட்டாள். திரும்ப வந்திருந்தது. அறையில் வேறு யாரோ இருப்பதுபோல ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

'எதுக்கும் அந்தப் பதிவை ஒரு தடவை பார்த்துருவோம்' என்று அப்போதுதான் தோன்றியது. அலமாரியிலிருந்து அவருடைய பென்டிரைவை எடுத்து, ஆபீஸ் லேப்டாப்பில் செருகினாள்.

உள்ளே ஒரே ஒரு படம் இருந்தது. மஞ்சள் நிற ஃபோல்டர். அதன் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி.

கொஞ்ச நேரம் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தட்டினாள். இது சுட்டுகிற இடம் இங்கே இல்லை என்றது லேப்டாப். அவர் காப்பி செய்தது பதிவுகளை இல்லை. பதிவுகளுக்குப் போகிற வழியை. இதைத் தட்டினால் போதும் என்று இவள் வைத்துக் கொடுத்தாளே, அந்தக் குறுக்குவழியை அப்படியே தூக்கிப் பென்டிரைவில் போட்டிருக்கிறார். வீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அந்த வீட்டைத்தான் அவள் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருக்கிறாள்.

லேப்டாப் மூடியைப் பிடித்திருந்த விரல் வெள்ளையாகியிருந்தது. எத்தனை முறை அழித்தோம் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள், நினைவு வரவில்லை. வரவில்லையா, வரவேண்டாம் என்று இவளே தள்ளிவிட்டாளா, அதுவும் தெரியவில்லை. அவரைப் போய் இன்னொரு முறை படியுங்கள் என்று கேட்க முடியாது. அந்தத் தொண்டையை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவில் இரண்டு தட்டு. அவருக்கு இப்போது அதுதான் குரல். திறந்தார். பலகையைத் தூக்கிக் காட்டினார்: ரெடியா மேடம்?

"ஆயிட்டே இருக்குங்க" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "பழசு இல்லையா, டைம் எடுக்குது."

அவர் சிரித்தார். பொத்தானை அமுக்கிப் பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்.

மறுபடி பொத்தானை அமுக்கினார். அந்த எழுத்து மறைவதைப் பார்க்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய்ப் படுங்க, போங்க" என்று கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முழுக்க அந்தப் பெட்டியைத் தொடவில்லை. தொட்டால் மிச்சம் மீதி இருப்பதும் போய்விடுமோ என்று பயம். தொடாமல் விட்டால் உள்ளேயே செத்துக்கொண்டிருக்குமோ என்று அதுவும் பயம். பாலை அடுப்பில் வைத்துப் பொங்க விட்டாள். அவருக்கு மருந்து கொடுக்கப் போய் வெறும் ஸ்பூனை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "தலைவலி" என்றாள். ஒரு பொய்க்கு மேல் ஒரு பொய். இந்த மனுஷனிடம் அவள் இதுவரை எதையும் மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதும் இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சேலையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். எலெக்ட்ரானிக் கடைகள் நெருக்கியடிக்கிற சந்தில், மாடியில் ஒருவர் இருந்தார். செத்த டிஸ்க்கிலிருந்து எழவு வீட்டுக்காரர்களுக்கு எதையாவது எடுத்துக் கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் டாக்டர். நிரந்தர ஜலதோஷம், அதற்கேற்ற சிடுசிடுப்பு. மேஜை முழுக்கத் திறந்துபோட்ட பெட்டிகள். நடுவில் ஒரு கைக்குட்டை.

"என்ன பண்ணீங்க இதுக்கு?"

"ஸ்டார்ட் ஆகல சார். ரிப்பேர் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"கேக்கல."

"அப்புறம்?"

"ரீசெட்... எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி."

"அப்புறம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பார்ட்டிஷனை டெலீட் பண்ணேன் சார். ரெண்டு மூணு தடவை. அதுக்கு மேலயும் இருக்கும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உள்ள உயிர் போற மாதிரி ஃபைல் இருக்குன்னு சொல்றீங்க. இத்தனை தடவை கழுத்தை நெரிச்சுட்டு இங்க எதுக்குக் கொண்டு வந்தீங்க? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு."

கழுத்து என்ற வார்த்தையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, ஆபரேஷன், கம்பளி தொங்கவிட்ட ஜன்னல், அம்புக்குறி. இதுவரை யாரிடமும் கோவையாகச் சொல்லாத ஒன்றை ஜலதோஷக்காரர் ஒருவரிடம் சொன்னாள். அவள் முடித்ததும் டாக்டர் டிஸ்க்கைக் கழற்றி, வேறு ஏதோ கருவியில் செருகித் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஜலதோஷத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"அழிக்கச் சொன்னப்போ சரின்னு சொல்லுச்சா?" என்று கேட்டார்.

"சொல்லுச்சு சார். ஆனா அணைச்சுப் போட்டா எல்லாம் திரும்ப இருந்துச்சு."

"அதான். சில டிஸ்க் சாகப்போற நேரத்துல கதவைப் பூட்டிக்கும். புதுசா எதையும் உள்ள விடாது, இருக்கிறதைத் தொடவும் விடாது. நீங்க அழி அழின்னு கத்தும்போது எல்லாம் தலையை ஆட்டியிருக்கு, ஒண்ணும் பண்ணல. நல்ல புருஷன் மாதிரி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உள்ள எல்லாம் அப்படியே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"ஆனா இது கடைசி மூச்சு. படிக்க ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. பாதியிலயே போயிடலாம். போச்சுன்னா திரும்ப வராது. அதனால எது முக்கியமோ அதை முதல்ல எடுக்கணும். பதிவுக்குள்ள ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒண்ணு பேரு ஆஸ்பத்திரி. இன்னொண்ணு பேரு மேடம். எது முதல்ல?"

மேடம் என்று ஒரு ஃபோல்டர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டால் தந்துவிடுவார். ஆனால் அது வருகிற நேரத்தில் மற்றது போய்விட்டால்? அவருடைய குரலைச் செய்ய வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் மற்றதில்தான் இருக்கின்றன.

"ஆஸ்பத்திரி" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு கோடு திரையில் நகர ஆரம்பித்தது. அவள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கோடு நகரும், நிற்கும். நிற்கும்போது இவள் மூச்சும் நிற்கும். கீழே சந்தில் யாரோ சைக்கிளுக்கு வழி கேட்டுக் கத்தினார்கள். அந்த அதிர்ச்சியில் டிஸ்க் நின்றுவிடுமோ என்று ஜன்னலை மூடப் போனாள். "சத்தத்துக்கு எல்லாம் அது சாகாது, உட்காருங்க" என்றார் டாக்டர். ஒருமுறை கோடு ரொம்ப நேரம் அசையாமல் நின்றது. டாக்டர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். சிடுசிடுப்பு போய் அவர் முகம் சாதாரணமானது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. டாக்டர்கள் முகம் எப்போது அப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள்.

இத்தனை வயதில் முதல்முறையாக, போன ஒன்றைத் திரும்பக் கொடு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். யாரைக் கெஞ்சுகிறோம் என்று தெரியவில்லை. நேற்று நோஞ்சான் என்று திட்டிய பெட்டியைத்தான் கெஞ்சினாளோ என்னவோ.

கோடு நகர்ந்தது. விட்டு விட்டு நகர்ந்து கடைசியைத் தொட்டது. "ஆஸ்பத்திரி வந்தாச்சு" என்றார் டாக்டர். உடனே மற்றதைத் தொடங்கினார். அதில் நாலே நாலு பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எஃப்.எம். பெயர் வைத்திருந்தார்: மேடம் பசி, மேடம் சாவி, மேடம் சும்மா, மேடம் கோபம்.

முதல் மூன்றும் வந்தன. நாலாவது பாதியில் இருக்கும்போது டிஸ்க் ஒரு சத்தமும் இல்லாமல் திரையிலிருந்து காணாமல் போயிற்று. டாக்டர் ஒயரை மாற்றிப் பார்த்தார், ஆற வைத்துப் பார்த்தார், வேறு கருவியில் போட்டுப் பார்த்தார். அதன் கதை முடிந்திருந்தது. நாலாவது பதிவு பெயர் மட்டும் இருக்கிற வெறும் கூடாக வந்து சேர்ந்திருந்தது.

"வந்தது சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்று சொல்லி, டாக்டர் ஏதோ ஒன்றைத் தட்டினார்.

"மேடம்..." என்றது மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர். கட்டி வருவதற்கு முன்னால் இருந்த குரல் இல்லை, கடைசி நாட்களின் கரகரத்த குரல். ஆனாலும் அவர்தான். "ஏ மேடம், சாவியை உள்ளயே வெச்சுட்டு வந்துட்டேன். கதவைத் திற."

"இதோ வர்றேன்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

இரண்டு அடி எடுத்து வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. டாக்டர் கைக்குட்டையை எடுத்து ரொம்ப நேரம் மூக்கைத் துடைத்தார். அவருக்குத்தான் ஜலதோஷம் ஆயிற்றே.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னாள். ஆபீஸுக்குப் போகவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அம்புக்குறியைச் சொன்னாள், எத்தனையோ முறை அழித்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது; கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போயிற்று. பதிவுகள் வந்துவிட்டன என்று அவள் சொன்ன பிறகும் கை அங்கேயே இருந்தது. கடைசியில் பலகையை எடுத்து எழுதினார்:

அம்பு வெச்சது நீ. அதைத் தூக்கிட்டு வந்தது நான். சரிக்குச் சரி.

"ஒண்ணு மட்டும் வரலைங்க" என்றாள். "மேடம் கோபம்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே, அது எப்படி இருந்தது என்று சொல்லிக் காட்டுவதற்காகப் பழக்கத்தில் வாயைத் திறந்தார். கழுத்துத் துளையிலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டார். அவள் அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

டீச்சர் வாக்கு தவறவில்லை. கொஞ்ச நாளில் ஒரு சின்னப் பலகைக் கம்ப்யூட்டரில் அவர் எழுத எழுத அது பேசியது. அவர் குரல்தான், ஆனால் ரொம்ப அடக்கமான எஃப்.எம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. அடுப்பில் தீப்பிடித்தது என்று எழுதினாலும் ரேஷனில் ஆள் குறைவு என்று சொல்கிற மாதிரிதான் சொல்லும். அதனால் அந்த மூன்று மேடத்துக்கும் மூன்று பொத்தான் வைத்துக் கொடுத்தாள் டீச்சர். சலூனை மறுபடி திறந்த அன்று தலையைக் கொடுத்தவர்கள் எல்லோரிடமும் அவர் மூன்றையும் அமுக்கிக் காட்டினாராம்.

அவளோ மாறித்தான் போனாள். பதிவுகளை நாலு இடத்தில் போட்டு வைத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, கடைசிவரை ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகும் நடுநடுவே திக்கென்று ஒரு பயம் வரும். எழுந்துபோய் இன்னொரு முறை கேட்டுவிட்டு வருவாள். ஆபீஸில் யாராவது, "அக்கா, சிஸ்டம் தூங்கிருச்சு, துடைச்சு விட்டுருங்க" என்றால், "உள்ள என்ன இருக்குன்னு முதல்ல பார்த்தியா? அம்பு இருக்கா பாரு" என்று கத்துகிறாள். பெயர் மட்டும் ரீசெட் அக்கா என்றே நின்றுவிட்டது.

பழக்கம் முழுசாக விடுமா? போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது, பல் உடைந்த ஒரு சீப்பையும் துருப்பிடித்த கத்திரிக்கோலையும் எடுத்து வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். அது அவர் முதல்முதலாகத் தொழிலுக்கு வாங்கிய கத்திரி. சாயங்காலம் வந்தவர் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பலகைக் கம்ப்யூட்டரை எடுத்து, இருந்த மூன்று மேடம் பொத்தானில் ஒன்றை ஓங்கிக் குத்தினார்.

"ஏ மேடம்... பசிக்குது மேடம்..." என்று கொஞ்சலாகக் கூப்பிட்டது அது.

அவர் இன்னும் பலமாகக் குத்தினார். "ஏ மேடம்... பசிக்குது மேடம்..." காலால் தரையை உதைத்துக்கொண்டு மறுபடி குத்தினார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்து, கொடுத்து வைத்தவள் என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் வாசலில் மண்டியிட்டு, தோள்பட்டை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். "இதோ எடுத்துட்டேங்க, இதோ" என்று சொல்லிக்கொண்டே, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல் கிளறினாள். அவர் எவ்வளவு கோபமாகக் கூப்பிடுகிறார் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டது.